காத்து இருக்கும் அறை

நுவரெலியா
26.02.2024

தனுஜா,

என் நம்பரை பிளாக் பண்ணியிருக்கிறாய். வாட்ஸப்பும் போகவில்லை. அதனால் கடிதம். ஓ லெவல் பரீட்சைக்குப் பிறகு நான் யாருக்கும் கையால் எழுதியதில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அம்மாவின் சாமான்கள் பண்ணையில்தான் இருக்கின்றன. குடை, ஒரு சோடி செருப்பு, மூக்குக் கண்ணாடி, சாப்பாட்டுப் பெட்டி. கொழும்புக்குப் பழம் ஏற்றும் வேன்காரர் ஃபாஸிலிடம் போன வாரம் கொடுத்தனுப்பினேன். வத்தளையில் உன் போர்டிங் வாசலில் அரை மணி நேரம் நின்றாராம். நீ கதவைத் திறக்கவில்லையாம். திரும்பக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டார்.

விசாரணை அறிக்கை உனக்கும் வந்திருக்கும். ‘வாய்மொழி எச்சரிக்கையை மீறி அறைக்குள் பிரவேசித்தமையால்’ என்று அதில் இருக்கிறது. உனக்குக் கோபம் வரும். ஆனால் பொய் இல்லை. நான் எச்சரித்தேன். பெட்டி ஒட்டுகிற பெண்கள் எட்டுப் பேருக்கும் அது தெரியும்.

வளைத்துப் பேச எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன். பறித்த பிறகும் ஸ்ட்ரோபெரி மூச்சு விடும். ஒட்சிசனை எடுக்கும், காபனீரொட்சைட்டை விடும். மூச்சு எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாகக் கெடும். மூச்சைக் குறைத்தால் ஆயுள் கூடும். முழு வித்தையும் இவ்வளவுதான். பழ ட்ரேக்களை இரண்டு நாள் அந்தக் குளிர் அறையில் வைக்கிறோம். உள்ளே ஒட்சிசன் ஐந்து வீதம், காபனீரொட்சைட்டு பதினைந்து. பிறகு அதே கலவையைப் பெட்டிக்குள்ளும் நிரப்பி ஒட்டுகிறோம். மூன்று நாளில் பூஞ்சணம் பிடிக்கும் பழம் பதினான்கு நாள் நிற்கும். மனிதர் அந்த அறைக்குள் போனால் இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. அவ்வளவுதான். ஜனவரி இருபத்துமூன்றாம் திகதி ராசம்மா அத்தைக்கு நடந்தது அதுதான்.

இன்னொன்று. யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அறை காலி. கழுவி, உலர்த்தி, பூட்டி வைத்திருக்கிறோம். சிலிண்டரையும் கழற்றியாயிற்று. உள்ளே இருப்பது வெறும் வெளிக்காற்று, ஒட்சிசன் 20.9. மூடிவைத்த காலி அறையில் அது அசையக் கூடாது. காலையில் மூடினால் மாலை நான்கு மணிக்கு மீட்டர் 20.6 காட்டுகிறது. காபனீரொட்சைட்டு அதே அளவு ஏறியிருக்கிறது. பழம் இருந்தால் அப்படித்தான் காட்டும். பழம் இல்லை.

மீட்டரில் பிழை. மாற்றச் சொல்லியிருக்கிறேன். இதை உனக்கு ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

கஜேந்திரன்


வத்தளை
09.03.2024

கஜேந்திரன் சேருக்கு,

போனில் பேசினால் நீங்கள் பாதியில் வெட்டிப் பேசுவீர்கள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். கடிதத்தில் வெட்ட முடியாது. அதனால் இதுவே நல்லது.

அறிக்கை சிங்களத்தில் வந்தது. நான் தையல் ஆலையில் தரம் பார்க்கிறேனே, அங்கே கூட வேலை செய்யும் ஒரு பிள்ளை வாசித்துச் சொன்னாள். ‘மீறி’ என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

என் அம்மா எதையாவது மீறி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அடுத்த வீட்டில் வளர்ந்தவர் நீங்கள். முப்பத்தொரு வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள் அவள். கங்காணி காட்டிய நிரையை விட்டு ஒரு செடி அந்தப் பக்கம் போகமாட்டாள். பக்கத்து நிரையில் கொழுந்து தளதளவென்று நிற்கும், நிறை போதாமல் திட்டு வாங்குவாள், அப்போதும் போகமாட்டாள். “அத்தை, இனி அட்டைக் கடி வேணாம். நெழல்ல ஒக்காந்து பெட்டி ஒட்டலாம், வாங்க” என்று கூட்டிப்போனது நீங்கள். அதற்காக உங்களைச் சாமி மாதிரி பேசிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு கவர் கொடுத்தார்கள். தோடு ஒரு சோடி. சிவப்புக் கயிற்றில் ஒரு செப்புத் தாயத்து. கயிறு புதுசு. சேலை முடிச்சில் ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு இரும்பு ஆணியும் இருந்தன. எலுமிச்சை கொஞ்சம்கூட வாடவில்லை. அதையும் உங்கள் வாயுதான் கெடாமல் வைத்ததா?

அப்பா செத்தபோதுகூட அம்மா தாயத்துக் கட்டவில்லை. அப்பா அடிக்கடி கனவில் வருகிறார் என்று சொல்வாள், ஆனால் அதற்கும் கட்டவில்லை. எதற்குப் பயந்து இப்போது கட்டினாள்? எட்டுப் பெண்களையும் எச்சரித்தவர் நீங்கள். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

சாமான்களை வைத்திருங்கள். அறிக்கையில் அந்த வரி இருக்கும்வரை நான் எதையும் வாங்கமாட்டேன்.

தனுஜா


நுவரெலியா
28.03.2024

தனுஜா,

சேர் என்று எழுதியிருக்கிறாய். பரவாயில்லை.

தாயத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. தோட்டத்தில் யார் எதற்குக் கட்டுகிறார்கள் என்று நான் கணக்கு வைப்பதில்லை. கதவில் மூன்று மொழியிலும் பலகை இருக்கிறது. தமிழில் ‘உயிர்வளிச் செறிவு குறைந்த சூழல்’ என்று இருக்கும். கொழும்பில் அடித்து அனுப்பியது. அது யாருக்கும் விளங்காது என்று எனக்கும் தெரியும், அதனால் வாயாலும் சொன்னேன். உள்ளே போனால் ஆபத்து என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதற்கு மேல் நான் என்ன செய்திருக்க வேண்டும்?

மீட்டரை மாற்றியாயிற்று. புது மீட்டரும் அதையே காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை, பண்ணையில் யாரும் இல்லை. கதவு இடுக்கு முழுக்க டேப் ஒட்டிவிட்டு காலை எட்டிலிருந்து நாலு மணிவரை வெளியே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். 20.9இல் தொடங்கி 20.5. கணினியில் கோட்டைப் பார்த்தேன். பழத்தின் மூச்சு என்றால் கோடு வழுக்கிக்கொண்டு இறங்கும். இது படி படியாக இறங்குகிறது. கொஞ்சம் இறங்கும், நிற்கும். மறுபடி இறங்கும். மலையேறுகிறவர்கள் நின்று மூச்சு வாங்குவார்களே, அப்படி.

பெண்கள் இப்போது அந்தப் பக்கம் நடக்கவே மாட்டேன் என்கிறார்கள். சுற்றிக்கொண்டு போகிறார்கள். மீனம்மா அக்கா நேராகவே சொன்னார்: “ராசம்மா உள்ளதான் இருக்கு சேர். நீங்கதான் கதவப் பூட்டி வச்சிருக்கீங்க.”

“பேசாம வேலையப் பாருங்க” என்றேன்.

ஃபாஸில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டே கேட்டார்: “ஏன் தம்பி, காலி ரூமுக்கு எதுக்கு மீட்டர்?”

அவரையும் திட்டினேன். “என்னய ஏசுங்க, பரவால்ல. அதுக்காகச் சாப்பிடாம கெடக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வேனை எடுத்தார்.

அறிக்கையில் உள்ள அந்த வரியை மாற்ற என்னால் முடியாது. நான் எழுதிய வரி இல்லை அது.

கஜேந்திரன்


லிந்துலை
15.04.2024

கஜன்,

வருசப் பிறப்பு லீவுக்குத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். நீயும் வீட்டுக்கு வருவாய் என்று உன் அம்மா சொன்னார். வரவில்லை. நான் இருப்பது தெரிந்துதானே?

நீ சொல்லமாட்டாய் என்று தெரிந்ததால் கோயில் பூசாரியிடம் போனேன். அவர் மறைக்கவில்லை. “காத்து இருக்கிற எடத்துல வேல செய்றேன் சாமி, அடிக்காம இருக்கணும்னு கேட்டுச்சும்மா. கட்டிக் குடுத்தேன். பழமும் ஆணியும் சேலயில முடிஞ்சிக்கச் சொன்னேன். அதுக்கு மேல எந்தக் காத்தும் அண்டாதுன்னேன்” என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, விபூதித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீயும் லயத்தில் பிறந்தவன். உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அடுப்புப் புகைந்தால் ஜன்னலைத் திறந்துவிடுகிறோம், அப்போது வருவதும் காத்து. உச்சி வேளையில் ஆற்றோரம் தனியாகப் போய் வந்து காய்ச்சலில் விழுந்தால், அடித்ததும் காத்து. முதல் காத்துக்கு யாரும் தாயத்துக் கட்டுவதில்லை.

அம்மாவிடம் எந்தக் காத்தைச் சொன்னாய்?

‘ஆபத்து என்று சொன்னேன்’ என்று மறுபடி எழுதாதே. ஆபத்து என்ற சொல்லை அம்மா வாழ்நாளில் பேசியதில்லை. உன் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுது. ஒரு வரி போதும்.

பூசாரி இன்னொன்றும் சொன்னார். அம்மா இரண்டு தாயத்து வாங்கினாளாம். எனக்குக் கிடைத்தது ஒன்று. மற்றது உன்னிடம் கிடக்கும் சாமான்களில் இருக்கிறதா என்று பார்.

மீட்டர் இறங்குவதைப் பற்றி இனி எழுதாதே. படித்த நாளிலிருந்து நான் என் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

தனுஜா


நுவரெலியா
24.04.2024

தனுஜா,

சாப்பாட்டுப் பெட்டியில் இருந்தது. மூன்று மாதமாக என்னிடம் கிடந்த பெட்டி, ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. செய்தித்தாளில் சுற்றி, மேலே பென்சிலால் எழுதியிருந்தது: ‘கஜேந்திரன், கார்த்திகை’. என் நட்சத்திரம் எனக்கே மறந்துவிட்டது. சிரிப்பேன் என்று கொடுக்காமல் வைத்திருப்பார். சிரித்திருப்பேன்.

நீ கேட்ட வரி இது: “உள்ள காத்து இருக்கு. போனா அடிச்சிரும்.”

போன ஆகஸ்டில் அறை புதிது. பெண்கள் நினைத்தபோதெல்லாம் கதவைத் திறந்தார்கள். ட்ரே வைக்க, பழம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, சும்மாவும். திறக்கத் திறக்கக் கலவை கலைந்துவிடும். ஆறு தடவை பழம் வீணானது. ஒருநாள் எல்லோரையும் உட்காரவைத்து, பலகையில் படம் போட்டு, பழம் எப்படி மூச்சு விடுகிறது என்று விளக்கினேன். “பழத்துக்கு மூக்கு எங்க சேர் இருக்கு?” என்று மீனம்மா அக்கா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மாவும் சிரித்தார். நான்கு வருசம் படித்ததை நான்கு நிமிடத்தில் ஊதித் தள்ளிவிட்டார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது சொன்ன வரிதான் அது.

சிரிப்பு நின்றது. அத்தை சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். அவர்கள் எந்தக் காத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். ‘நான் சொன்னது வாயு, மூச்சு நின்று செத்துப்போவீர்கள்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. ஏனென்றால் அன்றைக்குப் பிறகு யாரும் கதவைத் தொடவில்லை. வேலை நடந்தது. வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கதவுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினார்கள். நான் பார்த்துக்கொண்டு பேசாமல் போனேன்.

அன்றைக்கு நான் நானுஓயாவுக்குச் சிலிண்டர் எடுக்கப் போயிருந்தேன். ட்ரே எடுப்பதற்கு முன் ஃபேனைப் போட்டு நாற்பது நிமிடம் அறையைக் காற்றாட விட வேண்டும். அந்த ஃபேனை நான் மட்டும்தான் போடுவேன். ஏன் போடுகிறேன் என்று யாருக்கும் சொன்னதில்லை. ஃபாஸில் முன்னதாகவே பண்ணைக்கு வந்து ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். நான் அத்தைக்குப் போன் எடுத்தேன். “இன்னைக்கும் லோடு லேட்டானா என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்க அத்தை” என்றேன். “நீ பதறாத தம்பி, பைய வா” என்றார். உள்ளே போகச் சொல்லவில்லை நான். ஆனால் அப்படிச் சொன்னால் அவர் சும்மா இருக்கமாட்டார் என்பது தெரியாதா எனக்கு?

ட்ரே எடுக்க அத்தை கதவைத் திறந்தபோது மீனம்மா அக்கா கையைப் பிடித்து இழுத்தாராம். அத்தை கழுத்திலிருந்த கயிற்றைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். “நான் கட்டிருக்கேன்டி. என்னைய ஒன்னும் செய்யாது.”

விசாரணையில் இதை மீனம்மா அக்கா சொல்லவில்லை. தாயத்துக் கதை சொன்னால் நான் சிரிப்பேன் என்று பயம்.

இல்லாத ஒன்றை அந்த அறைக்குள் கொண்டுபோய் வைத்தது நான். இப்போது அது அங்கே இருக்கிறது.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. அடையாள அட்டை இலக்கத்தையும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

கஜேந்திரன்


வத்தளை
12.05.2024

கஜன்,

கடிதத்தை விசாரணைக் கந்தோரில் கொடுத்துவிட்டேன். வாங்குவதற்கே மூன்று மேசை மாற்றினார்கள். ஜூன் மூன்றாம் திகதி உன்னைக் கூப்பிடுவார்கள். எனக்கு அன்றைக்கு லீவு கிடைக்காது. ஆலையில் ஏற்றுமதி நாள். அதனால் நீ அங்கே தனியாகத்தான் இருப்பாய். நீ என்ன பேசினாய் என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

எழுதிவிட்டதால் முடிந்துவிட்டது என்று நினைக்காதே. நீ எனக்கு எழுதியது தமிழில். அவர்கள் வைத்திருக்கும் வரி சிங்களத்தில்.

தனுஜா


நுவரெலியா
06.06.2024

தனுஜா,

மூன்றாம் திகதி நடந்ததை எழுதுகிறேன். விடாமல் எழுதுகிறேன்.

முந்தின நாள் பெண்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். பலகை இல்லை, படம் இல்லை. “அது பேய் இல்ல. மூச்சு நின்னுரும், செத்துருவோம். தாயத்து, எலுமிச்சம்பழம், எதுவும் தடுக்காது” என்றேன். இவ்வளவு சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மீனம்மா அக்கா கேட்டார், “இம்புட்டுத்தானே தம்பி. அன்னைக்கே ஏன் சொல்லல?” முதல் தடவையாக என்னைச் சேர் என்று கூப்பிடவில்லை. மாலையில் மெனேஜர் போன் பண்ணி, இனி வர வேண்டாம் என்றார். மீட்டரைப் பற்றி எழுதாதே என்றாய். எழுதவில்லை.

கந்தோரில் ஒரு சிங்கள அதிகாரி. ஐம்பது வயது இருக்கும். நல்ல மனுசர்தான். என் கடிதத்தைச் சிங்களத்தில் பெயர்த்து வைத்திருந்தார்கள். வாசித்துக் காட்டினார். முழுதும் இல்லை, முக்கியமான பகுதி மட்டும். காத்து என்ற இடத்தில் ‘ஹுளங்’ என்று இருந்தது. ஹுளங் என்றால் வீசுகிற காற்று. அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

அவர் நெற்றியைச் சுருக்கினார். “உள்ளே காற்று இருக்கிறது, போனால் அடிக்கும் என்று சொல்லியிருக்கிறீர்கள். குளிர் அறைதானே, காற்று அடிக்கத்தான் செய்யும். ஒருவகையில் அதுவும் எச்சரிக்கைதான். இதில் உங்கள் மேல் என்ன பிழை? பழைய அறிக்கையே இருக்கட்டும். இங்கே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்” என்றார்.

போட்டேன்.

உனக்கு மறைக்க மாட்டேன். எனக்குச் சிங்களம் தெரியாமல் இல்லை. ஹுளங் என்று கேட்டபோதே தெரியும், ஒரே சொல் என்னைக் காப்பாற்றிவிட்டது என்று. உன் அம்மாவுக்கு எதிராக ஒரு சொல்லை விட்டேன், அதே சொல் அந்த மொழிக்குப் போய் எனக்குச் சாதகமாகத் திரும்பி வந்திருக்கிறது. பேனையை மூடிக் கொடுத்தேன். வெளியே வந்து பஸ் நிலையத்துக்கு நடந்தேன். பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும்விட்டேன்.

மூச்சு விட முடியவில்லை. கதை சொல்லவில்லை தனுஜா. ஜன்னல் திறந்திருந்தது, மழை வரும் குளிர், மலைக்காற்று முகத்தில் அடிக்கிறது. உள்ளே இழுக்கிறேன், போகவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா, “தண்ணி வேணுமா தம்பி?” என்றார். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டான். இறங்கிவிட்டேன்.

திரும்பிப் போனபோது அதிகாரி சோற்றுப் பார்சலை விரித்திருந்தார். சாப்பாட்டு நேரம், பிறகு வாருங்கள் என்றார். நான் நின்றுகொண்டே சொன்னேன்: “ஹுளங் நெவெய் சேர். ஹொல்மனக்.” காற்று இல்லை, பேய்.

அவர் சிரித்தார். “படித்த ஆள் நீங்கள். அறையில் பேய் இருக்கிறது என்றா வேலைக்காரர்களிடம் சொன்னீர்கள்?”

“ஆமாம். அவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். நான் நம்பவிட்டேன்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தாயத்து, எலுமிச்சம்பழம், ஆணி. கதவில் நின்று உன் அம்மா சொன்னதை நான் சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. ஆனால் அவருக்கு விளங்கியது. சோறு பிசைந்த கை அப்படியே நின்றது. அந்த மணிக்கட்டில் பிரித் நூல் கட்டியிருந்தார். பன்சலையில் பிக்குகள் ஓதிக் கட்டுவார்களே, அது. வெள்ளை போய்க் கறுத்திருந்தது. மற்றக் கை வந்து நூலைப் பிடித்துக்கொண்டது. பிடித்தது அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

பிறகு பார்சலை மடித்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, நான் கையெழுத்துப் போட்ட தாளை இரண்டாகக் கிழித்தார். புதுத் தாள் எடுத்து எழுதத் தொடங்கினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு தடவை மட்டும், “அந்த அம்மாவின் வயது?” என்று கேட்டார். ஐம்பத்துமூன்று என்றேன்.

நகல் இத்துடன் இருக்கிறது. முக்கியமான வரியைத் தமிழில் எழுதுகிறேன். அறிந்த யாரிடமும் கொடுத்துச் சரிபார்த்துக்கொள். என் பெயர்ப்பை நம்ப வேண்டாம்.

‘தமக்குச் சொல்லப்பட்ட ஆபத்துக்கு உரிய பாதுகாப்பை முறையாகச் செய்துகொண்டே ராசம்மா அந்த அறைக்குள் சென்றார். சொல்லப்பட்டது பொய் என்பதை அறிந்திருந்தவர் ஒருவரே.’

அதற்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

கஜேந்திரன்